ஏமஸ் ஹெப்டனின் சாவு

ரூபனும் டோர்காஸும் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்த அனுமதியை அரசாங்கம் மறுத்துத் திருப்பி அனுப்பியது. டோர்காஸுக்கு ஏற்கெனவே இங்கிலாந்தில் ஒரு புருஷன் இருக்கிறான் என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவன் பெயர் ஏமஸ் ஹெப்டன். கைதிப் பெண்களைக் கொண்டுவந்த கப்பலின் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே அப்படித்தான் இருந்ததாம். ஏமஸ் ஹெப்டன் என்று ஒருத்தன் பிறக்கவே இல்லை. அது டோர்காஸுக்குத் தெரியும், ரூபனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாது.

தாளை நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். ஜனவரி மாதம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் ரம்பக்குழி அடுப்பாகக் கொதிக்கத் தொடங்கிவிடும். மரத்துக்கு மரம் சில்வண்டு கத்துவதில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. ரூபன் குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான். தொப்பி விளிம்பு, புருவம், தாடி எல்லாம் மரத்தூள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன். அவ்வளவுதானா என்றான். அவ்வளவுதான் என்றேன். உள்ளே இறங்கி ரம்பத்தின் கீழ்ப்பிடியைப் பிடித்தான். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவன் இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை இரண்டும் கழன்று வந்துவிடும் போலிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் மரம் அறுத்துப் பிழைத்தவர்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டி, அதன் குறுக்கே கட்டையை உருட்டி வைத்து, உருளாமல் இரும்புக் கொண்டி அடித்து, கரிநூல் போட்டுக் கோடு எடுப்போம். மேலே கட்டையின்மீது ஒருவன் நின்று கோடு பார்க்க வேண்டும். கீழே குழிக்குள் ஒருவன் நின்று பலம் கொடுத்து இழுக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் மேலே. ரூபனுக்கு முப்பத்திரண்டு. அவன் கீழே. நான் ஊரில் ஒரு ரம்பத்தைத் திருடியதற்காக நாடு கடத்தப்பட்டவன். ரம்பம் திருடினவனைப் பதினாலு வருஷம் ரம்பம் இழுக்கச் சொல்லித் தண்டித்த அரசாங்கத்துக்கு நகைச்சுவை இல்லை என்று சொல்ல முடியாது. ரூபன் கோயில் கூரையிலிருந்து ஈயத்தகடு உரித்தவன். தண்டனைக் காலம் முடியாவிட்டாலும் எங்கள் இருவரிடமும் நடமாட்டச் சீட்டு இருந்தது. மாவட்டத்தைத் தாண்டாமல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆஜர் கொடுத்துக்கொண்டு, சொந்தமாக உழைத்துச் சாப்பிடலாம்.

டோர்காஸுக்கு அந்தச் சீட்டு கிடையாது. வேலை பார்த்த வீட்டிலிருந்து இரண்டு படுக்கை விரிப்பு எடுத்தாள் என்று ஏழு வருஷம். நாலு முடிந்திருந்தது. அரசாங்கம் அவளை ஹார்டிங் துரை வீட்டுக்கு வேலைக்காரியாகக் கொடுத்திருந்தது. எங்கள் குழியிலிருந்து ஆற்றோரமாக இரண்டு மைல். பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, துவைப்பது, பன்றிக்குச் சோளம் வேகவைப்பது எல்லாம் அவள்தான். அங்கே ரூபன் பலகை கொண்டுபோய்ப் போட்டான். பிறகு அவர்கள் கேட்காத பலகையும் கொண்டுபோனான். இப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

துரைசானி கெட்டவள் அல்ல. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தது. புருஷன் இல்லாமல் வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் கைதிப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பரமாட்டாவில் பெண் கைதிகளை அடைக்கும் தொழிற்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பிரசவம். பிள்ளை பால் மறந்து நடக்க ஆரம்பித்த பிறகு அதைப் பிரித்து அனாதை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தாய் தண்டனை முடிந்து வெளியே வந்து தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். துரைசானி பிப்ரவரிக் கடைசி வரைக்கும் கண்ணை மூடிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டால் டோர்காஸை ரூபனோடேயே விட்டுவிடுவார்கள்.

புருஷன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். கப்பலில் இரண்டாம் மேட் என்கிற அதிகாரி ஒருவன் கீழ்த்தட்டுப் படியருகே வந்து வந்து நிற்பானாம். கூட வந்த ஒரு வயசானவள், கல்யாணம் ஆனவள் என்று சொல், பேரோடு சொல், கப்பல் வைத்தியரிடமும் அதையே சொல், அப்போதுதான் அவர் உனக்காகக் கேட்பார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தட்டில் நின்று வைத்தியர் வாசித்த வேதத்திலிருந்து ஏமஸை எடுத்துக்கொண்டாள். பிஸ்கட் பீப்பாயில் எழுதியிருந்த பெயரிலிருந்து ஹெப்டனை எடுத்துக்கொண்டாள். மேட் அதற்கப்புறம் வரவில்லை. வைத்தியர் பட்டியலில் எழுதிக்கொண்டார். சிட்னியில் இறங்கியபோது குமாஸ்தா படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். சரி என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால் பொய் சொன்னதற்கு அப்போதே இருட்டறை.

ரூபன் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று, கோயிலும் கச்சேரியும் இருக்கிற பக்கத்து ஊரான வின்ட்சருக்குப் போனான். பாதிரியாரின் எழுத்தர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

"கடல் தாண்டினதும் எல்லாப் பொம்பளைக்கும் புருஷன் இல்லாம போயிடறான். ஒரே வருஷத்துல நீ ஒன்பதாவது ஆளுப்பா. அவன் செத்துட்டான்னு காயிதம் கொண்டா, பாக்கலாம். கூடவே, அவளைக் குடிவைக்க ஒரு வீடும் காட்டணும். மரப்பட்டைக் குடிசை ஆகாது. பலகைத் தரை, பலகைச் சுவர், கதவு எல்லாம் இருக்கணும்."

ஆக, பிறக்காதவனைச் சாகடிக்க வேண்டும். ஒரு வீடும் கட்ட வேண்டும். ஏழு வாரம் இருந்தது.

துரைசானியின் கிழிந்த துணிகளைத் தையல்காரியிடம் கொடுக்க வேண்டும் என்ற சாக்கில் டோர்காஸை வின்ட்சருக்குப் படகில் கூட்டிப்போனேன். ரூபனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாண மாப்பிள்ளை கூடவே இருந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். ஆறு அன்றைக்குக் கலங்கிப் பழுப்பாக ஓடியது. மேலே மலைப்பக்கம் எங்கோ மழை. வளைவில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான டாருக் ஆட்கள் தங்கள் படகுகளை வழக்கத்தைவிட உயரமாக மேட்டில் ஏற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, நானும் திரும்பி வரும்போது படகை மேலே கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டோர்காஸ் தண்ணீரில் கையை விட்டபடி, செத்துப்போன புருஷனுக்காக எத்தனை நாள் அழ வேண்டும் பெரியவரே என்று கேட்டாள். அது ஆளைப் பொறுத்தது தாயி என்றேன். நல்ல ஆள்தான், ஒரு நாளும் கை நீட்டியதில்லை என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாராயக்கடையின் பின்கட்டில் பவுஸ் என்று ஒருவன் கடிதம் எழுதிக் கொடுப்பான். முன்னாள் வக்கீல் குமாஸ்தா. முதலாளியின் வெள்ளிக் கரண்டிகளோடு பிடிபட்டவன். நாங்கள் கொண்டுபோன உப்புப் போட்ட பன்றித்தொடையை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த ஊர், அவனுக்கு என்ன தொழில், எப்படிச் செத்தான் என்று கேட்டான்.

டோர்காஸ் காய்ச்சல் என்றாள்.

"காய்ச்சல் வேணாம்மா. காய்ச்சல்ல மட்டும் பன்னெண்டு பேரை சாகடிச்சிருக்கேன். மாஜிஸ்திரேட் துரைக்கு இப்பல்லாம் காய்ச்சல்னாலே என் கையெழுத்து ஞாபகம் வருது. கடல்ல முங்கினதும் வேணாம், அது நாலு. வேற சாவு சொல்லுங்க. நம்பற மாதிரி இருக்கணும்."

டோர்காஸ் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. அதில் மனுஷன் எப்படிச் சாவான் என்பதும் தெரியும். அவன் மரம் அறுக்கிறவன் என்று எழுது என்றேன். கீழே குழியில் நின்றான், கொண்டி கழன்று கட்டை உருண்டு அவன்மேல் விழுந்தது, எடுத்தபோது உயிர் இல்லை. பவுஸ் தலையை ஆட்டி ஆட்டி எழுதினான். இறந்தவனின் அண்ணன் எழுதுவதுபோலப் போட்டான். எழுதி முடித்ததும் தாளைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து எடுத்து, உப்பைத் தடவி, மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு மீதிச் சாராயத்தைக் குடித்தான். அரை மணி நேரத்தில் அந்தத் தாள் ஐந்து மாதம் கடலில் வந்ததுபோல ஆகிவிட்டது.

கடிதத்தைப் படித்துவிட்டு மாஜிஸ்திரேட் அடுத்த திங்கட்கிழமை டோர்காஸை நேரில் வரச்சொன்னார். அன்றைக்கு ரூபனும் வந்து கூட்டத்தோடு கூட்டமாகக் கதவோரம் நின்றான். நான் அவன் பக்கத்தில். முதலில் வேதப்புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். முத்தினாள். புருஷன் பெயர், ஊர், தொழில், செத்த விதம் எல்லாம் பவுஸ் எழுதியபடி தடங்கல் இல்லாமல் சொன்னாள். மாஜிஸ்திரேட் கடிதத்தைத் தள்ளி வைத்தார்.

"எழுதினதைப் படிச்சது போதும். அவன் ஆள் எப்படி இருப்பான்? அதைச் சொல்லு."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. டோர்காஸ் கைக்குட்டையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ரொம்ப உசரம் இல்லீங்க ஐயா. நடந்தா வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், ரம்பம் இழுத்து இழுத்து. கஞ்சிக்குக் கரண்டி வெச்சா எடுக்கமாட்டான், ரொட்டியால வழிச்சுத்தான் திம்பான். சிரிப்பு வந்தா வாயைப் பொத்திக்குவான், முன்பல்லு உடைஞ்சிருக்கும். கோவம் வந்தா பேசமாட்டான். எங்கயாவது தனியா போயி உக்காந்து, கத்தியோ கோடாலியோ, கையில கெடைச்சதைத் தீட்டிக்கிட்டு இருப்பான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான். புள்ளன்னுதான் கூப்பிடுவான்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுதாள். அது நடிப்பு அல்ல என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மாஜிஸ்திரேட் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கைம்பெண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினைந்து நாளில் கான்ஸ்டபிள் வந்து வீட்டைப் பார்ப்பான், சரியாக இருந்தால் கல்யாணம் என்றார்.

நான் ரூபன் முதுகில் தட்டினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

படகில் மூன்று பேரும் வந்தோம். டோர்காஸ் களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள். ரூபன் துடுப்பைத் தண்ணீரில் அடித்த அடியில் எங்கள் எல்லோர்மேலும் தெறித்தது. அவளைத் துரை வீட்டுத் துறையில் இறக்கிவிட்டபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தான். மத்தியானம் சோளரொட்டியைச் சாம்பலிலிருந்து எடுத்துத் தட்டித் தின்றுவிட்டு, தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனான். அதற்கு மறுநாளும் அப்படியே. தேடிக்கொண்டு போனால், மரத்தடியில் உட்கார்ந்து அரத்தை வைத்துக்கொண்டு ரம்பப் பல்லை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள்தான் நான் அதைத் தீட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் மூன்று கோடாலி, ஒரு வாய்ச்சி, என் சவரக்கத்தி எல்லாம் தீட்டி முடித்து வரிசையாக இருந்தன.

என்ன விஷயம் என்று கேட்டேன். இன்னும் நாலு பல் தீட்டிவிட்டுப் பேசினான்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இல்லாத ஒருத்தனைப் பத்தி ஒரு பொம்பளையால அப்படிப் பேச முடியுமா? பல்லு உடைஞ்சது, தோள் இறங்கினது, ரொட்டியால வழிக்கிறது. அழுதாளே, பாத்தீங்களா? எனக்காக அவ ஒரு நாளும் அப்படி அழுததில்ல. அவன் இருந்திருக்கான். நம்மகிட்டதான் பொய் சொல்லியிருக்கா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் கையில என்னடா இருக்கு?" என்று கேட்டேன்.

"அரம்."

"கோவம் வந்தா அந்த ஏமஸ் என்ன பண்ணுவான்னு சொன்னா?"

அரத்தைப் பார்த்தான். வரிசையாக இருந்த கோடாலிகளைப் பார்த்தான். பிறகு நாக்கை உடைந்த பல்லில் வைத்துத் தடவினான். திடீர்னு கேட்டா அவ எவனைச் சொல்லுவா, அவளுக்குத் தெரிஞ்ச ஆம்பளை நீ ஒருத்தன்தானே, உன்னைத்தான் சொன்னா முட்டாப்பயலே, என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவன் முகத்தில் முதலில் ரத்தம் ஏறியது. சிரிக்க வந்து வாயைப் பொத்தினான். அப்புறம் அந்தக் கை வாயிலேயே நின்றுவிட்டது.

"அப்ப செத்ததும் நான்தானா அண்ணே?"

நான் அதை யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் குழியோரம் நின்று யாரும் சாவைப் பற்றிப் பேசமாட்டோம். ஒருவன் தன் கூட்டாளி செத்ததாகக் கனவு கண்டால்கூட அந்தக் கூட்டாளி அமாவாசை கழியும் வரைக்கும் குழியில் இறங்கமாட்டான். இது நாங்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த பழக்கம். இங்கே வந்து இன்னும் இறுகிப்போனது. இவனுடைய தோள், இவனுடைய பல், இவனுடைய தொழில், இத்தனையும் உள்ள ஒருவன் குழியில் நின்றான், கட்டை உருண்டு செத்தான் என்று வேதப்புத்தகத்தை முத்தி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அந்தச் சாவை எடுத்துக்கொடுத்தவன் நான். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ரூபன் குழியின் விளிம்பு வரைக்கும் வந்தான். ஏணியில் ஒரு காலை வைத்தான். எடுத்துவிட்டான். திட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். நீங்க இறங்குங்க அண்ணே, நான் மேல நிக்கறேன், என்ன வேணும்னாலும் செய்யறேன், குழியில மட்டும் முடியாது என்றான்.

கான்ஸ்டபிள் வர இன்னும் பத்து நாள் இருந்தது. வீட்டுக்கு மூலைக்கால்கள் நட்டு, கூரைக்குப் பட்டை போட்டாகிவிட்டது. சுவருக்குப் பிளந்த பலகைகள் பாதி நின்றன. தரைக்கு ஒரு பலகைகூட இல்லை. வேறு ஆள் பிடிக்கலாம் என்றால் அறுவடை நேரம், ஊரில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் துரைமார் வயலில் இருந்தார்கள். நான் குழியில் இறங்கினேன்.

கீழே நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. காற்று கிடையாது. தலைக்கு மேலே இரண்டு டன் கட்டை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பிடி தூள் கண்ணில், மூக்கில், முதுகுக்குள். வியர்வையோடு சேர்ந்து அது களியாகிச் சொறியும். மேலே ரூபனுக்குக் கோடு பிடிக்கத் தெரியவில்லை. ரம்பம் இடது பக்கமாக ஓடி ஓடி, பலகை ஒரு முனையில் இரண்டு விரல், மறுமுனையில் நாலு விரல் என்று வந்தது. ஆறு நாளில் உருப்படியாக மூன்று பலகை. பதினாலு வேண்டும். ஆறாம் நாள் என் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. சாயங்காலம் என்னால் ஏணியில் ஏற முடியவில்லை. ரூபன் கயிறு கட்டித் தூக்கினான். தூக்கும்போது அழுதான். ஆனால் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் டோர்காஸ் வந்தாள். வீடு எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்த்து வரச்சொல்லித் துரைசானி அனுப்பியிருந்தாள். துணியில் ரொட்டியும், ஆற்று விலாங்கு வறுத்ததும் இருந்தன. வயிற்றைத் தாங்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. நேராகக் குழிக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

"பெரியவரே, இங்க என்ன பண்றீங்க?"

"மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன் தாயி."

"அவன் ஏன் மேல நிக்கிறான்?"

அவனையே கேள் என்றேன். எனக்குக் கீழேயிருந்து அவர்கள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ரூபன் கட்டையைவிட்டு இறங்கி, திக்கித் திக்கி, பாதி வார்த்தையை முழுங்கிச் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள். தரைக்கென்று மூன்று பலகை மட்டும் அடுக்கியிருந்ததை எண்ணினாள் போலிருக்கிறது. பிறகு ஏணியில் அவள் செருப்பில்லாத கால் தெரிந்தது.

வேண்டாம் தாயி என்றேன். அவள் ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் திரும்பி, வயிறு இடிக்காமல் இறங்கினாள். என் கையிலிருந்து கீழ்ப்பிடியை வாங்கிக்கொண்டாள். நீங்க மேல போய்க் கோடு பாருங்க என்றாள். நான் போகவில்லை. போங்க என்றாள் மறுபடியும். அந்தக் குரலுக்கு நான் ஏறிவிட்டேன்.

"மேல வா புள்ள," என்றான் ரூபன்.

"இந்த வீடு நிக்கலேன்னா எம்புள்ளையைப் பரமாட்டாவுல பெத்துப்போடணும். நடக்க ஆரம்பிச்சதும் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. நீ எப்பவோ சாகறதுக்கு இப்பவே பயந்துக்கிட்டு நில்லு. நான் அறுக்கறேன்."

"உன் வயித்துல இருக்கறதை நெனைச்சுப் பாரு."

"அதைத்தான் நெனைக்கறேன். பொய் சொன்னது நான். புத்தகத்தை முத்துனது என் வாய். கட்டை விழணும்னா எம்மேல விழட்டும், அதுதான் ஞாயம். அறுங்க பெரியவரே."

நான் ரம்பத்தைத் தொடவில்லை. ரூபன் குழியோரம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். "வா புள்ள. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"தொடணும்னா கீழ வரணும்."

எனக்குத் தெரிந்து ரூபன் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருந்ததில்லை. கட்டையைப் பார்த்தான். கட்டையைக் கவ்வியிருந்த கொண்டிகளைப் பார்த்தான். அவள் தலையைப் பார்த்தான். கட்டைக்கு நேர் கீழேதான் அது இருந்தது. பிறகு ஏணியைக்கூடத் தொடாமல் விளிம்பிலிருந்து அப்படியே உள்ளே குதித்தான். அவளைத் தூக்கி வெளியே அனுப்பப் போகிறான் என்று நினைத்தேன். அவள் பிடியை விடவில்லை. பக்கத்தில் நின்று அவனும் பிடித்தான். இழுங்க அண்ணே என்றான்.

நான் இழுத்தேன். முதல் இழுப்பில் தூள் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. டோர்காஸ் இருமினாள். இதையா தினம் திங்கறே என்று அவள் கேட்பதும், ஆமா என்று அவன் சொல்வதும் கேட்டது. கண்ணை மூடிக்கோ, வாயையும் மூடிக்கோ என்றான். நான் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பலகை முழு நீளத்துக்கும் பிரிந்து விழுகிற வரைக்கும் அவள் மேலே வரவில்லை. வந்தபோது தலையிலிருந்து கால் வரை மாவில் புரட்டினதுபோல இருந்தாள். விலாங்கு ஆறிப்போச்சு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

இரண்டு கொண்டி அடிக்கிற இடத்தில் நான் ஐந்து அடித்திருந்தேன். வாரம் பூராவும் அப்படித்தான். அதையும் அவர்களிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இருட்டும் முன் மீதிச் சுவரையும் முடித்து, தரைக்குப் பதினாலாவது பலகையை ஆணியடித்தோம். கதவுக்குக் கீல் கிடைக்காமல் மாட்டுத்தோலை வெட்டித் தைத்துத் தொங்கவிட்டோம். சனிக்கிழமை கான்ஸ்டபிள் வந்து பூட்ஸ் காலால் தரையை நாலு இடத்தில் மிதித்துப் பார்த்தான். கதவைத் திறந்து மூடினான். சரிதான் என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஆனாலும் போகும்போது அவன் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. செத்துப்போன அந்த ஆளும் மரம் அறுக்கிறவன்தானாமே என்று என்னிடம் விசாரித்தான். ஆமாம், அவளுக்கு அந்த வாசனைதான் பிடிக்கும் போலிருக்கிறது என்றேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தை மூன்று நாள் எங்களைச் சாப்பிடவிடவில்லை.

கல்யாணத்தன்றைக்கு வின்ட்சர் கோயிலில் ஐந்து ஜோடி. பாதிரியார் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒன்றன்பின் ஒன்றாக முடித்துக்கொண்டே வந்தார். கான்ஸ்டபிள் சொன்னபடி வந்து முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டோர்காஸ் துரைசானி கொடுத்த பழைய நீலச் சட்டையை இடுப்பில் பிரித்து அகலமாக்கிப் போட்டிருந்தாள். ரூபன் சவரம் செய்துகொண்டதில் இரண்டு இடத்தில் வெட்டு. அவர்கள் முறை வந்தது. எழுத்தர் புத்தகத்தைத் திறந்து, பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கைம்பெண்தானே என்றார். ஆமாம் என்றாள். இறந்த புருஷன் பெயர் கேட்டார். சொன்னாள். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், இன்னொன்று கேட்டார்.

"அவனுக்கும் உனக்கும் பிள்ளைங்க எத்தனை?"

இதைப் பவுஸ் எழுதவில்லை. மாஜிஸ்திரேட்டும் கேட்டிருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிப் பேசி ஒத்திகை பார்த்ததிலும் இது இல்லை. கப்பல் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார். முன்வரிசையில் கான்ஸ்டபிள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். டோர்காஸின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"இல்லீங்க," என்றான் ரூபன். "அவனுக்குக் குடுத்துவைக்கல."

பாதிரியார் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பாவம், நல்லவனாக இருந்தானா என்று கேட்டார். எதற்குக் கேட்டாரோ.

"சுமாருங்க," என்றான் ரூபன். "கொஞ்சம் பயந்த சுபாவம்."

எழுத்தர் பேனாவை மையில் தொட்டு, பிள்ளை இல்லை என்று எழுதினார். கான்ஸ்டபிள் சாய்ந்து உட்கார்ந்தான். பாதிரியார் இரண்டு பேர் கையையும் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.